இரண்டாவது கிரகணம்

சூரியன்கள் சீறிக்கொண்டிருக்கும்போது நிழலூரில் பிறக்கும் குழந்தையைப் பெற்றவர்களைத் தவிர யாரும் தூக்குவதில்லை. பார்க்க வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கவேண்டும். தாங்கள் அந்தக் குழந்தைக்குச் சித்தப்பனா மாமனா என்று முதலில் தெரியவேண்டும் அல்லவா? சித்தப்பன் என்றால் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். மாமன் என்றால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிச் செய்துவிட்டால் அந்த மனஸ்தாபம் பத்து வருடம் ஓடும்.

அன்று முற்பகலில் அப்படி மூன்று பேர் பதிவறை ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே தெய்வாத்தாள் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனம்மிணி, முள்ளு எறங்குச்சா?"

"கிரகணமே இன்னும் புடிக்கலீங்."

"செத்த சீக்கிரம் பாத்துச் சொல்லு. மாமனா இருந்தா எனக்கு நாற்காலி போடுவாங்க. காலு கடுக்குது."

"உங்க காலுக்காகப் பெரியவ வேகமாச் சுத்த மாட்டாளுங்."

நிழலூரின் வானத்தில் இரண்டு சூரியன்கள். ஊதிப் பருத்து ஆரஞ்சு நிறத்தில் இருப்பது பெரியவள். மஞ்சளாகக் கச்சிதமாக இருப்பது சின்னவள். இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்தபடி, இடித்துவிடுகிற நெருக்கத்தில், மூன்று நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் அவற்றின் காந்தம் முறுக்கேறி, வாரம் தவறாமல் எக்ஸ்-கதிரை அள்ளி வீசும். அதுதான் சீறல். சீறும்போது ஊர் மொத்தமும் மலையைக் குடைந்து போட்ட தெருக்களில், ஈயக் கதவுகளுக்குப் பின்னால் அடங்கிவிடும்.

எண்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், ஊர் அமைந்த புதிதில், பதினோரு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அப்போதிருந்த டாக்டர் பொன்னுரங்கம் ஒரு தாளில் ஒரு விதி எழுதினார். சீறல் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஒரு தழும்பை விடுகிறது. ஒரே சூரியனின் தழும்பு உள்ள இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அவ்வளவுதான். அதன் கீழே, 'கூடப் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நம்புகிறேன்' என்று ஒரு வரி. அந்தத் தாள் இப்போது சட்டம் போட்டு மாலையோடு பொது மண்டபத்தில் தொங்குகிறது. டாக்டர் போய்விட்டார். தழும்பு உறவாகிவிட்டது. சீறாத நாளில் பிறந்தவர்களுக்கு அதற்கு முன் கடைசியாகச் சீறியவள் கணக்கு. பெரியவள் சீறும்போது பிறந்தவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் பங்காளி. சின்னவள் ஆட்கள் அவர்களுக்கு மாமன் மச்சான்.

எந்தச் சூரியன் சீறியது என்று கண்டுபிடிப்பது தெய்வாத்தாளின் வேலை. ஊருக்கு மேலே மிதக்கும் மீட்டர் கதிரை எண்ணும். எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே கிரகணம் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு சூரியன் மற்றதன் பின்னால் போகும்போது முள் இறங்கினால், மறைந்தவள்தான் குற்றவாளி. பதிவேட்டில் எழுதி மூடிவிடலாம்.

"தங்கச்சி, ஈயத்தகடு பாக்கோணும்" என்று வெளியே ஒரு குரல், தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

"வாங்கண்ணா" என்றாள் தெய்வாத்தாளும் சத்தமாக.

நாச்சிமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கதவுகளுக்கு ஈயம் அடிப்பது அவன் தொழில். இந்த ஒரு கதவுக்கு மட்டும் நான்கு வருடமாக வாரத்துக்கு இரண்டு தரம் ஏதாவது பழுது வந்தது. இரண்டு பேரும் சின்னவள் ஆட்கள். ஊர் முறைப்படி அண்ணன் தங்கை. அண்ணா என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அவன் காது மடல் சிவந்துவிடும். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"இன்னும் நாப்பது நாளு" என்றான் மெதுவாக.

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

நாற்பது நாளில் அவளுக்கும் காளான் தோட்டத்துக் குழந்தைவேலுக்கும் கல்யாணம். குழந்தைவேல் நல்லவன். பெரியவள் ஆள். அவனிடம் வேறு குறை எதுவும் இல்லாததுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

நாச்சிமுத்து பேச்சை மாற்ற, மூலையில் புதிதாக இருந்த திரையைக் காட்டினான். "இதென்ன?"

"போன கப்பல்ல வந்த படக்கருவி. மேல மீட்டருக்குப் பக்கத்துல மிதக்குது. இது எண்ணாது, படமே புடிக்கும். இந்த எக்ஸ்ரே இருக்குதே, கண்ணாடி மேல நேரா விழுந்தா உள்ள போயிரும். சாய்வா ஒரசிட்டுப் போனாத்தான் திரும்புமாம். கொளத்துத் தண்ணி மேல கல்லெறிஞ்சா எகிறிப் போகுமாம், அதுமாதிரின்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது."

"கொளம்னா?"

"நம்ம தண்ணித் தொட்டிக்கு மூடி இல்லாம இருந்தா, அது கொளம்."

"மூடி இல்லாமயா? தூசு விழாதா?"

அதற்குள் கிரகணம் பிடித்தது. சின்னவள் பின்னால் போனாள், முள் இறங்கியது. தெய்வாத்தாள் ஜன்னலைத் திறந்து "சின்னவளுங்" என்றாள். கால் கடுத்தவர் மாமனாகி நாற்காலி தேடிப் போனார். மற்ற இருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள ஓடினார்கள்.

வழக்கமாக அத்தோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். ஆனால் புதுக் கருவியை முதலில் ஐந்து நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. ஒன்றரை நாள் கழித்து, சீறல் இன்னும் அடங்காமல் இருக்க, பெரியவள் பின்னால் போகும் நேரத்தில், அவள் தற்செயலாக அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் முள் மறுபடி இறங்கியிருந்தது.

முள்ளைத் தட்டிப் பார்த்தாள். அது இறங்கியேதான் இருந்தது. மறைந்தவள் பெரியவள். அப்படியானால் சீறியது அவளா?

திரையில் ஒன்றரை நாளாகச் சேர்ந்திருந்த படங்களை ஓடவிட்டாள். இருட்டில் இரண்டு மங்கலான வட்டங்கள். சீறல் அவற்றில் எதிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, வில்லாக வளைந்து, ஒரு கால் பெரியவள்மேலும் மறுகால் சின்னவள்மேலும் ஊன்றி, கண் கூசும் பாலமாக நின்றது. யார் முன்னால் வந்தாலும் அவள் உடம்பு அந்தப் பாலத்தை மறைக்கும். யார் பின்னால் போனாலும் முள் இறங்கும். எண்பத்து மூன்று வருடமாக இந்த அறையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் முதல் கிரகணத்தோடு பதிவேட்டை மூடிவிட்டார்கள். யார் முதலில் மறைந்தாளோ அவள் பெயரை எழுதிவிட்டார்கள்.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அவள் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினாள். ஒரு வரி விடாமல் அப்படித்தான் இருந்தது.

அன்று கதவு பார்க்க வந்த நாச்சிமுத்து, அவள் சொல்லச் சொல்ல, பாதியிலேயே புரிந்துகொண்டான். "அப்ப நீ என்ர தங்கச்சி இல்ல."

"வந்து பாரு."

"எதுக்குப் பாக்கோணும்? நீ சொன்னாச் சரி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "மொதல்ல சம்பூர்ணத்தக்கா கிட்டச் சொல்லு."

சம்பூர்ணம் உறவு அலுவலகத்தின் தலைவி. யார் யாருக்கு என்ன முறை என்பதில் அவள் சொல்வதுதான் முடிவு. மறுநாள் காலையில் பொது மண்டபத்தில் ஊரைக் கூட்டினாள். தெய்வாத்தாள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப சீறல் ரெண்டு பேர்த்துதும்னு சொல்ற."

"ஆமாங்க்கா."

"எல்லாச் சீறலுமா?"

"பதிவேடு முழுக்கப் பாத்துட்டேனுங்."

சம்பூர்ணம் ஒரு வெற்றுத் தாளை மேசைமேல் வைத்தாள். "இதை ஏத்துக்கறவங்க வந்து கையெழுத்துப் போடுங்க." சொல்லி முடிப்பதற்குள் நாச்சிமுத்து எழுந்து போய், தாளின் உச்சியில், பெரிய எழுத்தில் போட்டான். திரும்பி வரும்போது தெய்வாத்தாளைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் சிலர் போட்டார்கள். படத்தை நேரில் பார்த்துவந்த நான்கு பெரியவர்களும் போட்டார்கள்.

"சரி" என்றாள் சம்பூர்ணம். "அப்படீன்னா இந்த ஊர்ல பொறந்த அத்தன பேருக்கும் ஒரே தழும்பு. ஒரே தழும்பு இருக்கறவங்க பங்காளிங்க."

முன்வரிசையில் ஒருவன் தன் மனைவியின் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்தான்.

"அக்கா, நான் அதுக்குச் சொல்லலீங்" என்றாள் தெய்வாத்தாள். "அந்த விதியே தப்பா இருக்கும்னு சொல்ல வந்தேன். அந்தப் பதினோரு கொழந்தைங்க செத்தப்ப கதவுக்கு ஈயமே கெடையாதுங்களே. அதனாலகூட இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். பன்னெண்டாவது கொழந்தைய வச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கலாங்கிறயா? யாரு வீட்டுக் கொழந்தைய வைக்கட்டும்?"

அன்று மதியத்துக்குள் நிழலூரின் நூற்று நாற்பத்தாறு தம்பதிகளும் அண்ணன் தங்கைகள் ஆனார்கள். மனைவி மூத்தவளாக இருந்த ஒன்பது வீடுகளில் மட்டும் அக்கா தம்பி.

ஆண்கள் கிழக்குத் தெருக்களுக்கும் பெண்கள் மேற்குத் தெருக்களுக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், "தங்கச்சி, குழம்புல உப்பு கம்மி" என்ற குரலும், "பன்னெண்டு வருசமா அப்படித்தானுங்கண்ணா ஊத்தறேன்" என்ற குரலும் கேட்டன. சிலருக்கு இது விடுமுறை மாதிரி இருந்தது. தன் மாமியார் பெரியம்மாவாகிவிட்டதால் இனி பதில் பேசலாம் என்று ஒருத்தி பேசித் தீர்த்தாள்.

ஆனால் நாற்பத்தொரு வருடம் கல்யாணமாகி வாழ்ந்த செல்லமுத்துவுக்குக் கை நடுங்கும். அவர் சட்டைப் பொத்தானைத் தினமும் மனைவி பழனாத்தாள்தான் போட்டுவிடுவாள். தங்கை, அண்ணனுக்குப் பொத்தான் போடலாமா என்று இருவரும் உறவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டார்கள். கூடாது என்று பதில் வர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அவர் சட்டையைத் திறந்தபடியே, நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்தார். பழனாத்தாள் அதைத் தூரத்திலிருந்து பார்த்தபடி நின்றாள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி பதிவறைக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அண்ணன் பெத்தது எனக்கு மருமவன்தானுங்களே. அப்ப என்ர வயித்துல இருக்கறது மவனா, மருமவனாங்க? பேரு வைக்கோணும், அதான் கேட்டேன்."

தெய்வாத்தாள் அன்று சாப்பிடவில்லை. நாச்சிமுத்துவை அவள் பார்க்கவும் இல்லை. ஊர் மொத்தமும் அவனையும் தன்னையும் போலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முன்பு ஆசையை மறைத்து வைக்க இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

பத்தாம் நாள் சம்பூர்ணம் மறுபடி ஊரைக் கூட்டினாள். அவள் புருஷனும் கிழக்குத் தெருவில்தான் இருந்தான். ஒன்பது நாளில் அவளும் இளைத்திருந்தாள்.

"யோசிச்சுப் பாத்தேன். படத்த ஏத்துக்கிட்டாத்தான் நாம அத்தன பேரும் ஒண்ணு. ஏத்துக்காதவங்களுக்கு அது பொருந்தாது. அதனால ஏத்துக்கிட்டவங்க ஒரு பக்கம், ஏத்துக்காதவங்க ஒரு பக்கம். இனிமே ஒரே பக்கத்து ஆளுங்க பங்காளி. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு குடுத்துக்கலாம். பதினஞ்சு நாளுக்குள்ள எல்லாரும் பக்கத்தச் சொல்லிருங்க. அதுக்கப்பறம் மாத்த முடியாது."

கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "அப்ப தழும்பு என்னாச்சுங்க்கா?"

"நம்பாதவனுக்குத் தழும்பு வேற" என்றாள் சம்பூர்ணம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

அன்று மாலைக்குள் வீட்டுக்கு ஒருவர் நம்பினார்கள், ஒருவர் மறுத்தார்கள். யார் நம்புவது என்பதில் மட்டும் சண்டை நடந்தது. செல்லமுத்துவின் வீட்டில் அதுவும் இல்லை. "நாப்பத்தொரு வருசமா நான் சொன்ன எதைத்தான் இவரு நம்பினாரு? மறுக்கற பக்கத்துலயே எழுதுங்க" என்றாள் பழனாத்தாள். அங்கேயே நின்று, எல்லோரும் பார்க்க, அவர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.

தெய்வாத்தாளுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பார்த்தவள் அவள், படத்தைப் பதிவு செய்த பக்கத்தில் இருப்பது அவள் கையெழுத்து. நம்பும் பட்டியலின் உச்சியில் நாச்சிமுத்துவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. குழந்தைவேலின் பெயர் மறுக்கும் பட்டியலில் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

குழந்தைவேல் மறுநாளே பதிவறைக்கு வந்தான். "எங்கம்மா மறுக்கச் சொன்னாங்க, மறுத்துட்டேன். ஆனா கட்டிக்கப் போறவளோட வேலைய ஒருக்காப் பாக்காம இருந்தா நல்லாருக்காதில்ல?" என்று திரையின் முன்னால் உட்கார்ந்தான். அவள் படத்தை ஓடவிட்டாள். அவன் வாயைத் திறந்தபடி மூன்று தரம் பார்த்தான்.

"என்னங்க இது" என்றான் கடைசியில். "இத்தன அழகா இருக்குதே."

எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினான். காளான் மண் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என்னால இதைப் பாக்கலைன்னு சொல்ல முடியாது. மன்னிச்சுக்க, தங்கச்சி."

அன்றே அவன் பக்கம் மாறினான். அவனுக்குப் பின்னால் பார்க்கப் போனவர்கள் ஒருவர் விடாமல் நம்பிவிட்டதால், மறுக்கும் பட்டியல் ஆபத்தான அளவுக்குச் சுருங்கியது. படம் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது, மறுப்பவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மறுப்புச் செல்லாது என்று சம்பூர்ணம் உத்தரவு போட்டாள்.

நாச்சிமுத்து பக்கம் மாற விண்ணப்பித்தது கடைசி நாள் காலையில். முதல் கையெழுத்துக்காரன் என்பதால் சபையின் முன்னால் வந்து சொல்லவேண்டும் என்றார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவன் ஈயக்கறை படிந்த கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான்.

"நீதான் மொதல்ல போட்ட" என்றாள் சம்பூர்ணம். "படத்தப் பாத்துட்டுத்தான போட்ட?"

"இல்லீங். இதுவரைக்கும் பாக்கவே இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "பின்ன எதை நம்பிப் போட்ட?"

"அவ சொன்னா. போட்டேன்."

"இப்ப அவ சொன்னது பொய்ங்கிறயா?"

அவன் காது மடல் சிவக்கத் தொடங்கியிருந்தது. தெய்வாத்தாள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்லவேண்டும் என்று விரலை மடக்கிக்கொண்டாள். சொல்லிவிடுவானோ என்றும் பயந்தாள். உலகத்தில் முதன்முதலாக, பார்க்காமலே, கேள்வி கேட்காமலே அவளை நம்பியவன் அவன்.

"அவளுக்கு அப்படித் தெரிஞ்சிருக்குது" என்றான் கடைசியில்.

"அது போதாது. தப்புன்னு சொல்லோணும்."

நாச்சிமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "தப்பு" என்றான். "அவ பாத்தது தப்பு. அங்க அப்படி ஒண்ணும் கெடையாது."

சொன்ன அந்த ஒரு தடவை மட்டும் அவன் காது சிவக்கவில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. கேட்க வேண்டும் என்று பதினைந்து நாளாகத் தவித்த வார்த்தை, காதில் விழுந்ததும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவள் அழுததை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதி உண்மை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது, மாப்பிள்ளை மட்டும் நாச்சிமுத்து. அண்ணன் முறைக்குக் குழந்தைவேல் நின்றான். காளான் பிரியாணி போட்டான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு நண்பகலில் சீறல் வந்தது. அவள் இதுவரை பார்த்ததிலேயே பெரியது. நாச்சிமுத்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். வழக்கம்போலத் திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்துச் சோற்றைப் பிரித்து வைத்தான். ஒரு தரம் திரும்பினால் போதும், அவன் அவளுக்கு அண்ணன் ஆகிவிடுவான். ஆகவே அவன் முதுகு மட்டுமே அந்த வெளிச்சத்தை அறிந்திருந்தது. சட்டையில் நீலமும் வெள்ளையும் மாறி மாறி ஓடின.

அவளிடமிருந்து "அய்யோ" என்று ஒரு மூச்சு வந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்புடு."

அவன் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தான். "சொல்லு."

"சொல்லலாமா?"

"சொல்லு. நான்தான் எதையும் நம்ப மாட்டேனே."

அவள் திரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். பாலம் நடுவில் மெலிந்துகொண்டே போகிறது என்றாள். இப்போது நூல் மாதிரி இருக்கிறது, இதோ அறுந்துவிட்டது, அறுந்த இரண்டு முனையும் விழவில்லை, ஒன்றையொன்று தேடிக்கொண்டு இருட்டில் ஆடுகின்றன என்றாள். அவன் சுவரில் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு, மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பொய்" என்றான். பிறகு அவள் பக்கம் காதை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "அப்பறம்?" என்றான்.